என் வீட்டுக்காரரின் வேண்டாம்

டிவிக்குக் கீழே இருக்கிற பெட்டிக்குப் புதுப் புராசசர் போட்ட நாளிலிருந்து என் வீட்டுக்காரர் என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் அப்பா சீராகக் கொடுத்த கட்டில் ஆடுகிறது என்று கட்டிலையே வருஷக்கணக்கில் திட்டித் தீர்த்த மனிதர் அவர்.

பெயர் சென்னியப்பன். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. வாயில்லாத பிள்ளை, பாவம், சண்டை சச்சரவே இருக்காது என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். அது எவ்வளவு பெரிய புளுகு என்று கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. மனிதர் கையால் கொட்டி முழக்குவார். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற சைகை மொழி அல்ல அது. அவர் பள்ளிக்கூடத்தையே பார்த்தவர் இல்லை. நேரே பம்புசெட் ஃபவுண்டரிக்குப் போனவர். சைகைகளில் பாதி அவராக உண்டாக்கியவை, மீதி நாங்கள் இருவரும் சண்டை போட்டுப் போட்டு உண்டாக்கியவை. உள்ளங்கையில் ஊதினால் காப்பி. மூக்கைப் பிடித்துத் திருகினால் என் அண்ணன். இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க, லேசாகக் குனிந்து முன்னால் நீட்டினால் ‘வேண்டாம்’. பந்தியில் சோற்று வாளியோடு வருகிறவரிடமிருந்து இலையை மறைப்போமே, அதேதான்.

கல்யாணத்துக்குப் பிறகு பல வருஷங்கள் அவர் ராஜ்கோட்டில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தார். எழுத வராது, போனில் பேச முடியாது. அதனால் தினமும் சாயங்காலம் ஒரு வீடியோ எடுத்து அனுப்புவார். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எல்லாவற்றையும் போட்டு வைக்க அவரே ஒரு மீடியா சர்வர் கட்டி, டிவிக்குக் கீழே வைத்தார். கோயமுத்தூரில் எல்லோரும் தங்கள் படங்களையெல்லாம் யாரோ ஒருவனுடைய கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டிய காலத்திலும், எங்கள் வீட்டுப் படம் எங்கள் வீட்டுப் பெட்டிக்குள்தான் இருந்தது.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. இடது கை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதிலும் சைகை வரவில்லை. கை மேலே போகும், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். தலையாட்டச் சொன்னால் ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே ஆட்டல்தான்.

“அவர் புத்திக்கு ஒண்ணும் ஆகலைங்கம்மா. மூளையில பேச்சை உண்டாக்குற எடம் அடிவாங்கிருச்சு. அவருக்குப் பேச்சுன்னா கைதானுங்களே” என்றார் டாக்டர். “மத்தவங்க சைகை காட்டினா புரியும். அவராக் காட்டணும்னா வராது.”

ஒரு நாள் அவர் இடது கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு பழைய படம் ஒன்றை ஓட்டினார். அதில் அவரே இளவட்டமாக உட்கார்ந்து உள்ளங்கையில் ஊதிக்கொண்டிருந்தார். சரி, பொழுது போகாமல் பார்க்கிறார் என்று விட்டுவிட்டேன். மறுபடி அதையே ஓட்டினார். அப்புறமும் அதையே ஓட்டிவிட்டு, மக்குப் பிள்ளையைப் பார்க்கிற வாத்தியார் மாதிரி என்னைப் பார்த்தார். நான் விழுந்தடித்துப் போய்க் காப்பி கலந்துகொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டிதான் அவர் வாய். தேவையான துண்டுகளைத் தேடிப் பிடித்துத் தனியாக வரிசை கட்டி வைத்துக்கொண்டார். தண்ணீர், வலி, காற்றாடியைப் போடு, வேண்டாம், என் அண்ணன் ஒரு கஞ்சப் பயல். இதில் கடைசித் துண்டைத்தான் அதிகம் ஓட்டினார். எனக்கும் சந்தோஷம்தான்; வீட்டில் பேச்சுச் சத்தம் திரும்ப வந்துவிட்டது.

ஆனால் பெட்டிக்கும் வயசாகியிருந்தது. தண்ணீர் என்று அமுக்கினால் படம் வருவதற்குள் தாகமே போய்விடும். வெயில் ஏறினால் விசிறி அலறும், அப்புறம் பெட்டி செத்துவிடும். சூடு ஆறும்வரை அவர் ஊமை. ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினார், பெட்டி எழவே இல்லை. வெறும் வாயுதான். ஆனாலும் நான் நடுங்கிப்போய் நிரஞ்சனைக் கூப்பிட்டேன்.

நிரஞ்சன் எங்கள் ஒரே பையன். பெங்களூரில் இருக்கிறான். இங்கிலீஷ் நன்றாக வரட்டும் என்று சின்ன வயசிலேயே ஹாஸ்டலில் சேர்த்துவிட்டோம். அதனால் அப்பாவின் சைகையில் சாப்பாடு, தூக்கம், காசு என்பதற்கு மேல் அவனுக்குத் தெரியாது. நல்ல பையன். அந்த வாரக் கடைசியிலேயே புதுப் புராசசரோடு வந்து இறங்கினான்.

பெட்டியைத் திறந்து, விசிறியைக் கழற்றி, காய்ந்துபோன பசையைச் சுரண்டி, சின்ன நெம்புகோலைத் தூக்கிப் பழைய புராசசர் சில்லை எடுத்தான். பிஸ்கட் அளவுதான் இருந்தது. குப்பையில் போடப் போனவனிடமிருந்து வாங்கி என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு வைத்தேன்.

“அதெதுக்குங்கம்மா?”

“கெடக்குது போ. இத்தனை வருஷம் ஒழைச்சிருக்குது. புதுசு என்ன பண்ணும், அதைச் சொல்லு.”

“இதுல ‘தெளிவு’ன்னு ஒண்ணு இருக்குதுங்கம்மா. இப்ப வர்ற சில்லு எல்லாத்துலயும் இருக்கும். பழைய படத்தை அப்படியே காட்டாது. அதுல என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டு, அதைப் புதுசா வரைஞ்சு காட்டும். சைகையா இருந்தாக் கீழ எழுத்தும் போடும்.”

“அப்ப பழைய படம்?”

“ஒரு தடவை ஓட்டுனதும் அதைத் தூக்கிப் போட்டுரும். புரிஞ்சதுக்கப்புறம் பழசு எதுக்குங்க, எடத்தை அடைச்சுக்கிட்டு?”

“எங்களுக்கு அது வேண்டாம், பழசு மாதிரியே காட்டுன்னு சொல்ல முடியாதா?”

“சில்லுக்குள்ளயே அச்சடிச்சிருக்குதுங்கம்மா. அது இல்லாத சில்லு இப்ப யாரும் பண்றதில்லைங்க.”

பெட்டி சத்தமே இல்லாமல் எழுந்தது. அவர் ரிமோட்டை அமுக்கினார். அமுக்கிய விரலை எடுப்பதற்குள் படம். என்ன பளபளப்பு! சுவரில் இருந்த ஓதம் போய்விட்டது. அவர் முன்பல் இரண்டும் நேராகிவிட்டன. உள்ளங்கையில் ஊதினார், கீழே எழுத்து வந்தது: ‘அன்பே, ஒரு குவளை காப்பி கிடைக்குமா?’

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அன்பே என்று சொன்னதே கிடையாது. என்னைக் கூப்பிட அவர் செய்கிற சைகையை இங்கே எழுத முடியாது.

நிரஞ்சன் சிரிக்கவில்லை. ராஜ்கோட் படங்களில் ஒன்றைப் போட்டு, அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். ‘என் மகனை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது’ என்று எழுத்து ஓடியது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அப்பா என்னைப் பத்தி இவ்வளவு பேசியிருக்காரா? எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சேம்மா.”

அந்தப் படம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மெஸ்ஸில் பருப்பு தண்ணியாக இருக்கிறது என்று அவர் புலம்பிய படம் அது. பையன் அழுதுகொண்டிருக்கும்போது நான் அதை எப்படிச் சொல்வேன்?

மறுநாள் அவருக்கும் புரிந்துவிட்டது. காப்பி ஆறிப்போனதற்கு என்னைத் திட்டத் துண்டை ஓட்டினார். திரையில் அவர் புன்னகைத்தார், ‘உன் கைப்பக்குவமே தனி’ என்றது எழுத்து. என் அண்ணனைத் திட்டினார். ‘மைத்துனருக்கு என் வணக்கம்’ என்றது. அவர் தன் முகத்தையே யாரோ வேற்றாளைப் பார்ப்பது மாதிரி வெறித்தார். பிறகு ரிமோட்டைச் சுவரில் எறிந்தார். எடுத்துக் கொடுத்தேன், மறுபடி எறிந்தார். அதன் பிறகு அவர் எதையும் ஓட்டவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நிரஞ்சன் பேச்சை எடுத்தான். ஓசூர் பக்கத்தில் ஒரு முதியோர் குடியிருப்பு. அப்பாவுக்கு மருத்துவப் பிரிவில் கட்டில், எனக்கு வேறு பிளாக்கில் அறை. பார்க்கும் நேரம் காலையும் மாலையும். இந்த வீட்டை இடித்துக் கட்ட ஆள் இருக்கிறதாம்.

“என்னையும் அவரையும் பிரிச்சு வெக்கிறதுக்கு உனக்கு யாருடா ரோசனை சொன்னது?”

“பிரிக்கலைங்கம்மா. நெஞ்சு வலின்னு அவர் தவிச்சாரு, நீங்க ஒத்தையில நின்னு நடுங்குனீங்க. ராத்திரி எனக்குத் தூக்கமே வர்றதில்லைங்க. வீடு அப்பா பேர்ல இருக்குது, அவரே சொல்லட்டும்.”

அப்பா முன்னால் போய் உட்கார்ந்து, குடியிருப்பின் படங்களையும் அங்கே கதவு திறக்கிற சாவி அட்டையையும் காட்டி விளக்கினான். அவருக்கு எல்லாம் புரிந்தது. ரிமோட்டை எட்டி எடுத்தார், ‘வேண்டாம்’ துண்டை அமுக்கினார்.

திரையில் அவர் கம்பீரமாக நிமிர்ந்து நின்றார். இரண்டு கைகளும் உயர்ந்தன. கீழே எழுத்து: ‘நன்றாக இருங்கள். என் ஆசியும் சம்மதமும் உண்டு.’

நிரஞ்சன் எழுந்து அப்பா காலில் விழுந்தான்.

அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மறுபடி அமுக்கினார். திரை ஆசீர்வதித்தது. மறுபடி மறுபடி அமுக்கினார். அமுக்க அமுக்க ஆசீர்வாதம் பொழிந்தது.

“டேய், எழுந்திரு! அது ஆசீர்வாதம் இல்லடா. வேண்டாங்கறார். பந்தியில எலையை மறைக்கிறதுடா அது. அந்த மிசின் குனிஞ்சவரை நிமுத்தி, கையை மேல தூக்கி வரைஞ்சிருக்குது.”

“நீங்க அப்படித்தாங்கம்மா சொல்வீங்க” என்றான். கோபமாக இல்லை, நிதானமாகத்தான் சொன்னான். “இத்தனை வருஷமா அப்பா என்ன சொன்னாருன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்களுக்குப் பிடிக்காததை எத்தனை விட்டீங்களோ! இந்த மிசினுக்கு யார் பக்கமும் சாய வேண்டியதில்லைங்களே.”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. உள்ளதைச் சொன்னால், என் மாமியாரைப் பற்றி அவர் சொன்ன நல்லதையெல்லாம் நான் யாருக்கும் மொழிபெயர்த்ததில்லை. ஆனால் இல்லாததைச் சொன்னதில்லை.

“பழைய சில்லை மாட்டு. அசல் படத்தைப் பாரு.”

“அசல் இல்லைங்கம்மா. ஓட்டுனதெல்லாம் போயிருச்சு. அப்பா வரிசை கட்டி வெச்சிருந்தது எல்லாமே போயிருச்சு. ஓட்டாத ராஜ்கோட் படம் கொஞ்சம் மிச்சமிருக்கும், அவ்வளவுதான்.”

அப்படியானால் அவருடைய வேண்டாம் இந்த உலகத்தில் இல்லை. ராஜ்கோட் படங்களில் தேடிப் பிரயோசனமில்லை. அங்கிருந்து அவர் வேண்டும் வேண்டும் என்றுதான் பேசியிருக்கிறார். நான் அடுப்படிக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அது நல்ல கோபம், இன்றுவரை ஆறவில்லை.

பேச முடியாதவர்களின் சொத்தை மாற்ற வேண்டுமானால் சம்மதப் பதிவாளர் வீட்டுக்கே வந்து கருவியில் பதிய வேண்டும் என்பது சட்டம். நிரஞ்சன் சொல்லி வந்தவள் பெயர் கோகிலவாணி. முப்பது வயசிருக்கும், வெயிலில் களைத்திருந்தாள். படம் பிடிக்கிற அந்தக் கருவியைச் சின்ன முக்காலியில் நிறுத்தினாள்.

“இதுக்குள்ளயும் தெளிவு இருக்குதாம்மா?” என்று கேட்டேன்.

“அது இல்லாத கருவி செல்லாதுங்க. வீட்டுக்காரம்மா சொல்றதையும் எடுத்துக்கக் கூடாதுங்க, நீங்களும் இதுல ஒரு கட்சிங்களே. அவர் தலையாட்டுனாலும் எடுத்துக்க மாட்டோம். நம்மூர்ல ஆளுக்கொரு தினுசா ஆட்டறோம்.”

“சரி சாமி. பொழுது உச்சிக்கு வந்துருச்சு. வீட்டுக்கு ஒறம்பரையா வந்தவளைச் சாப்பிடாம அனுப்பினாத்தான் எனக்குக் கேவலம். மொதல்ல எல்லாரும் உக்காருங்க.”

முன்னறையிலேயே இலை போட்டேன். அவருக்கு மேசை மேல் ஓர் இலை. பக்கவாதம் வந்த பிறகு தட்டில் பிசைந்து ஊட்டிவிடுவதுதான் வழக்கம். இலையைப் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது. இடது கையால் தண்ணீரைத் தெளித்து, அவரே இலையைத் துடைத்தார். சொல்லிக் கொடுக்காமலே கை அதைச் செய்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது.

“அம்மிணி, நான் பரிமாறினா நான் ஏதோ ஜாடை காட்டிட்டேன்னு சொல்லுவாங்க. நீயே அவருக்குப் பரிமாறு.”

கோகிலவாணி சிரித்துக்கொண்டே எழுந்தாள். கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சோறு வைத்தாள், பேசாமல் இருந்தார். பருப்பு ஊற்றினாள், பேசாமல் இருந்தார். பொரியலுக்கும் அப்படியே.

“நிரஞ்சா, ஓசூர் வீட்டுச் சாவி அட்டை கொண்டாந்தியே, அதை அம்மிணி கையில குடு. அம்மிணி, அதையும் எலையில பரிமாறு.”

“ஏனுங்கம்மா, இதென்ன வெளையாட்டு?”

“நீ வெய்யி சாமி.”

அட்டையில் குடியிருப்பின் படம் பெரிதாக அச்சடித்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், நிரஞ்சனைப் பார்த்தார், அட்டை இலையை நெருங்குவதைப் பார்த்தார்.

சைகை காட்டச் சொன்னால் அந்தக் கைக்குத் தெரியாது. ஆனால் வேண்டாததை இலையில் வைக்க வந்தால் மறைக்கத் தெரிந்தது. இடது கை சட்டென்று விரிந்து பாதி இலையை மூடியது. குனிந்தார். வலது தோள் துடித்தது, கை வரவில்லை. மறுபாதி இலை திறந்து கிடந்தது.

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. பக்கத்தில் போய் என் வலது கையை அந்தப் பாதியின் மேல் விரித்தேன். கோகிலவாணி ஒரு வார்த்தை சொல்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்து எடுத்து அப்பால் வைத்துவிட்டு, அட்டையை அந்தத் திறந்த பக்கமாகக் கொண்டு போனாள். அவர் கை அங்கே தாவியது. இந்தப் பக்கம் கொண்டு வந்தாள், இங்கே தாவியது. அட்டையைக் கீழே வைத்துவிட்டு ரசக் கரண்டியை எடுத்தாள். கை விலகியது, ரசம் ஊற்ற இடம் விட்டார். மறுபடி அட்டையை எடுத்தாள். இந்தத் தடவை இலையை மறைக்கவில்லை. அவள் கையையே பிடித்துத் தள்ளிவிட்டார்.

“ஐயோ, போதுங்” என்றாள் அவள், தன்னை அறியாமல், பந்தியில் சொல்கிற மாதிரியே.

கருவி மணியடித்தது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். சின்னத் திரையில் அவரும் நானும் அருகருகே நின்று, ஆளுக்கொரு கையை உயர்த்தி வாழ்த்திக்கொண்டிருந்தோம். என் தலையில் பூகூட வைத்துவிட்டிருந்தது. ‘தம்பதியர் மனமுவந்து ஆசி வழங்கினர். சம்மதம் பதிவாகிவிட்டது.’

அவர் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“அம்மிணி” என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. “உன்ற கண்ணு என்ன பாத்துச்சு, அதைச் சொல்லு. மிசினு கெடக்கட்டும். நீ எத்தனை பந்தியில உக்காந்திருப்பே, எத்தனை எலையை மறைச்சிருப்பே! இந்த மனுசன் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா இல்லியா?”

“புரிஞ்சுதுங்” என்றாள் மெதுவாக. கருவியை அணைத்தாள். “கருவி சொன்னதை மறுத்தா எதுக்குன்னு மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க.”

“கேட்டா என்ன சொல்லுவே?”

“இந்த வீட்டுக்குச் சாப்பிட வாங்கன்னு சொல்றேனுங்” என்றாள். “நேர்ல கண்டதுன்னு ஒரு வரி சட்டத்துல இன்னும் இருக்குதுங்கம்மா. யாரும் எழுதறதில்லை. நான் எழுதறேன்.”

அவள் போன பிறகு நிரஞ்சன் தன் இலையை மடிக்காமல் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். சோறு காய்ந்துவிட்டது.

“அம்மா, என்னை நினைச்சா நெஞ்சு நிறையுதுன்னு சொன்னாரே. அதுவும் அப்படித்தானுங்களா?”

“மெஸ்ஸுல பருப்பு தண்ணியா இருந்துச்சுன்னு சொன்னதுடா அது.”

சிரிப்பான் என்று நினைத்தேன். முகம் சுருங்கிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை, அவன் சட்டைப் பையை இரண்டு தடவை தட்டினேன்.

“இதுதான் உன் பேரு. நீ பேனாவைப் பையில குத்திக்கிட்டு ஸ்கூலுக்குப் போன அன்னைக்கு வெச்சது. மிச்சமிருக்கிற படத்துல தேடு. எத்தனை தடவை தட்டறாருன்னு நீயே எண்ணிக்க.”

“பையில எதையோ தேடறாருன்னுல்ல நினைச்சேன்” என்றான்.

அவனே பெட்டியைத் திறந்தான். மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து பழைய சில்லை எடுத்து மாட்டி, புது விசிறி ஒன்று கூடுதலாக வைத்தான். பெட்டி முனகிக்கொண்டு எழுந்தது. ஓட்டாத ராஜ்கோட் படம் ஒன்று மெல்ல வந்தது, ஓதம் பிடித்த சுவரோடும் கோணல் பல்லோடும். அவர் பெருமூச்சு விட்டார்.

போனவற்றுக்குப் பதில் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. பீரோவில் கிடந்த என் பழைய போனில் தெளிவும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. அதை நிரஞ்சன் பிடித்துக்கொண்டான். இலை போட்டு, சாவி அட்டையை நீட்டினோம். அவருடைய இடது கையும் என் வலது கையும் சேர்ந்து இலையை மூடின. இதுதான் இனி அவருடைய வேண்டாம் என்று வரிசையில் முதலில் வைத்தோம்.

மறுநாள் காலையில் டாக்டர் சொன்னபடி உப்பில்லாத ராகிக் கூழைக் கரைத்து எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் டம்ளரைப் பார்த்தார், ரிமோட்டைப் பார்த்தார், நிதானமாக அமுக்கினார். பெட்டி முக்கி முனகிப் படத்தைக் கொண்டு வந்தது.

“குடிச்சுத்தான் ஆகோணும்” என்று கண்டிப்போடு சைகை காட்டத் திரும்பினேன். திரையில் அவரோடு ஒட்டி நின்றுகொண்டு, ரொம்பத் தீர்மானமாக, நானும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.